ஜாப் கார்டில் எழுதிய வியாதி

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட்டு ஒர்க் ஷாப்பில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. வருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் மஞ்சள் அட்டையில் ஒரு ஜாப் கார்டு உண்டு. அதில் மூன்று கட்டம்: வந்த பழுது, காரணம், செய்ய வேண்டிய வேலை. தோட்டத்துக்காரர்கள் வண்டியிலிருந்து மோட்டாரை இறக்கும்போதே முதல் இரண்டு கட்டத்தையும் வாயாலேயே நிரப்பிவிடுவார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு, பக்கத்துத் தோட்டத்துக்காரன் கண்ணு பட்டுப்போச்சு" என்பார்கள். நான் 'ஓடவில்லை' என்றும் 'வோல்டேஜ்' என்றும் எழுதிக்கொள்வேன். கண்ணு பட்டதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

சில மோட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது. தோட்டத்தில் பீஸ் போயிருக்கும், மனுசன் மோட்டாரையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அப்போது மூன்றாவது கட்டத்தில் 'பழுது இல்லை, திருப்பி அனுப்பவும்' என்று எழுதவேண்டும். அப்படி எழுதுகிற தொழிலாளியை எந்த முதலாளிக்கும் பிடிக்காது. ஆகையால் நாங்கள் வெகு அபூர்வமாகத்தான் எழுதுவோம். ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு குடும்பத்தையே நான் அந்த மாதிரி ஒரு மஞ்சள் அட்டையில் எழுதித்தான் கெடுக்கப் பார்த்தேன்.

பத்தாவதோடு நின்றவன் நான். ஆனால் அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் குந்தவைத்து உட்கார்ந்துவிடுவேன். அப்படித்தான் அந்த இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. மனநோய்களைப் பற்றியது, செங்கல் கனம், அட்டை கிழிந்து போனது. "டாக்டருங்க படிக்கறது" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், எனக்குத் தலை கிறுகிறுத்தது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் முக்கி முக்கிப் படித்தேன். மோட்டாருக்கு மாடல் வருஷம் பார்ப்பவன், புத்தகத்துக்கும் வருஷம் உண்டு, அதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அதில் ஓர் அத்தியாயம் முழுக்க மனுசர்களின் ஆசைகளைப் பற்றி. கட்டில் சம்பந்தப்பட்ட ஆசைகள். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். துணியைப் பிடித்தால் ஒரு பெயர், தோலைப் பிடித்தால் ஒரு பெயர், திட்டு வாங்கப் பிடித்தால் ஒன்று, திட்டப் பிடித்தால் இன்னொன்று. எழுதினவர் மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். எது சரியான ஆசை என்று மட்டும் அந்தப் புத்தகம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார் போல. எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஆனாலும் டீ டைமில் நான் டாக்டர் ஆகிவிட்டேன். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொல்வேன். எங்கள் போர்மேன், "இவன் ஒருத்தன் போதுமப்பா, ஒடம்புல தெம்பா இருக்கறவனையும் ஸ்ட்ரெச்சர்ல ஏத்திப்போடுவான்" என்பார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் ஒரு வியாதியை நான் தினமும் நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்ஸில், மில்லுக்குப் போகிற பெண்களின் மேல் சாய்ந்துகொண்டு வருகிற ஆட்கள். புத்தகம் அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்திருந்தது. ஊர் அதற்கு வைத்திருந்த பெயர் 'வயசுக் கோளாறு'. அறுபது வயது ஆளுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெண்கள் கையில் ஊக்கு வைத்திருப்பார்கள். கண்டக்டர் "அட, சித்தத் தள்ளி நில்லுங்க" என்பார். அதோடு வைத்தியம் முடிந்தது. அந்த ஆட்களுக்கு யாரும் கார்டு எழுதவில்லை. நானும்தான்.

நான் எழுதின ஒரே கார்டு எங்கள் டர்னருக்கு.

லேத்தில் அவன் கைக்கு ஈடு கிடையாது. என் வயதுதான், இருபத்தெட்டு. காங்கேயத்தில் பெண் கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஒர்க் ஷாப்பே போயிருந்தோம். அம்மி மேல் பெண்ணின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடுகிற சடங்கு வந்தது. இவன் காலைப் பிடித்தவன் பிடித்தபடியே இருந்தான். சடங்கு செய்கிறவர், "மாப்பிள்ளை, ஒரு மெட்டிக்கு இத்தன நேரமுங்களா? இன்னொரு காலு வேற இருக்குதுங்க" என்றார். பந்தலே சிரித்தது. "பொண்டாட்டி மேல எத்தன பிரியம் பாரு" என்று பெண்கள் பக்கம் இருந்து சத்தம் வந்தது. மேளம் கொட்டி, வீடியோக்காரர் லைட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். ஊரே சாட்சி.

அந்த மனுசன்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இரும்பு வார்க்கிற பவுண்டரிக்கு மண் குவித்திருந்த பக்கம் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"மாப்ள, உம் பொஸ்தகத்துல காலப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதா?"

"எந்தக் காலு?"

"பொம்பளையாளு காலு." எண்ணெய் துடைக்கிற பஞ்சுக் கழிவை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைத்தான். "எனக்கு எங்கூட்டுக்காரி காலுன்னா உசுரு. கழுவி உடுவேன், மஞ்ச பூசி உடுவேன், மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அது இருந்தாத்தான் எனக்கு மத்ததெல்லாம். அது இல்லீன்னா ஒண்ணும் ஓடறதில்ல."

"எத்தன நாளா?"

"நெனவு தெரிஞ்ச நாளா. இதென்ன எல்லாருக்கும் இருக்கறதா, எனக்கு மட்டுமா?"

பாருங்கள், மனுசன் கேட்டது அவ்வளவுதான். எனக்கு மட்டுமா? நான் 'அந்தப் பெண் என்ன சொல்கிறாள்' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. புத்தகம் அதைக் கேட்கச் சொல்லவில்லை. எத்தனை நாளாக, எத்தனை தரம், சின்ன வயதில் என்ன நடந்தது, இதைத்தான் கேட்கச் சொன்னது. எல்லாவற்றையும் கேட்டேன். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். பட்டியலில் இருந்த ஒன்று உயிரோடு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறதே!

சாயந்திரம் வேறு காகிதம் கிடைக்காமல் ஒரு ஜாப் கார்டை எடுத்து எழுதினேன். பழக்க தோசம், கட்டப்படியே நிரப்பினேன். வந்த பழுது: மனைவியின் பாதங்கள் மேல் அளவு கடந்த நாட்டம். அதற்குக் கீழே அந்த இங்கிலீஷ் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டேன். காரணம்: சிறு வயதில் தாயின் வளர்ப்பு. இது புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் பாதி வியாதிக்குக் காரணம் தாய்தான். எங்கள் பக்கம் வோல்டேஜ் மாதிரி. செய்ய வேண்டிய வேலை என்ற இடத்தில்தான் முழித்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பேசவேண்டும் என்று போட்டிருந்தது. கட்டிலில் படுத்துப் பேசினால் எங்கள் பக்கம் சோம்பேறி என்பார்கள். 'பார்க்க வேண்டும்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

காலை வரைக்கும் குறையில்லாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவன், ஒரே நாளில் நோயாளியாகி வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து அவளுடைய காலைத் தொடவில்லை. கால் இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று அவனே சொல்லியிருந்தான் அல்லவா, மற்றதும் நின்றது. திண்டில் தலை வைத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு எதனால் என்று ஒன்றும் தெரியவில்லை.

நாலாம் நாள் அவன் அம்மா சட்டையை ஊறப்போடப் பையைத் துழாவும்போது கார்டு கிடைத்தது. அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். முதல் கட்டத்தைப் படித்ததும் வாயில் கை வைத்தார். இரண்டாவது கட்டத்தைப் படித்ததும் கையை எடுத்துவிட்டார். நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, இத நீ எழுதினதா?"

"ஆமாங்கம்மா."

"காரணம் தாயாரா? நானா? நானு அவன இடுப்புல வெச்சுட்டுக் களை பறிச்சேன். காலப் புடிடான்னு எந்த நாள்லயாவது சொல்லியிருப்பனா?"

"பொதுவாப் போட்டிருக்குதுங்கம்மா. எல்லாத் தாய்க்கும்."

"அப்ப எழுதுனவனுக்குத் தாயே இல்லையாட்டிருக்குது," என்றார். அவருக்கு வேறு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அங்கேயே நின்றபடி கண்டுபிடித்துவிட்டார். "இது என்ற வளர்ப்பில்ல சாமி. மருந்து. அவ சோத்துல மருந்து வெச்சுப்போட்டா. இல்லீன்னா ஒரு ஆம்பளை, கட்டுன பொண்டாட்டி காலக் கழுவுவானா?"

கவனித்தீர்களா, புத்தகத்துக்கு இது வியாதி, ஏனென்றால் மனுசன் முழு ஆளை விட்டுவிட்டு ஒரு உறுப்பைப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்கு இது மருந்து, ஏனென்றால் ஆம்பளை கீழேயும் பொம்பளை மேலேயும் ஆகிப்போனது. இரண்டு பேரும் ஒருவர் காரணத்தை ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் ஒன்று. அதே வீட்டில் நல்ல நாள் பெரிய நாள் என்றால் மருமகள் புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். அதை யாரும் கார்டில் எழுதினதில்லை. அது குடும்பப் பாங்கு.

காங்கேயத்துக்குச் செய்தி போய், பெண்ணின் அப்பா மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொப்பரை காயப்போடுகிற தேங்காய்க் களமும் கொஞ்சம் மானாவாரிக் காடும் வைத்திருந்தவர். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாடு. காளையின் உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று தடவிப் பார்த்து, இது தங்கும், இது குடியைக் கெடுக்கும் என்று சொல்கிற கெட்டிக்காரர். சுழி தப்பின காளை ஏர் நன்றாக உழுதாலும் தப்புத்தான். அது உழுததா என்பது கேள்வி இல்லை, சுழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவருடைய சாஸ்திரத்துக்கும் என் புத்தகத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவருடையதற்கு அட்டை கிழியவில்லை, அவ்வளவுதான்.

கார்டை எழுதினவன் என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டர்னர் மூலையில். பெண் அடுப்படியில். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க தம்பி," என்று ஆரம்பித்தார் பெண்ணின் அப்பா. கையில் கார்டு. "இது தொத்துங்களா?"

"தொத்தாதுங்க."

"பொறக்கற கொழந்தைக்கு வருமுங்களா?"

"அதப் பத்திப் போடலீங்க."

"சம்மந்தி, இதுல கொழந்தைய எதுக்குங்க இழுக்கறீங்க?" என்றார் டர்னரின் அம்மா. "உங்க புள்ள சோத்துல என்ன போட்டான்னு மொதல்ல கேளுங்க."

"என்ற புள்ளைக்கு ரசமே சரியா வெக்கத் தெரியாதுங்க. அவ எங்கீங்க மருந்து வெப்பா?"

அடுப்படியில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது.

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "சுழி தப்புன மாடுன்னா சந்தைக்கே திருப்பி ஓட்டிப்போடுவனுங்க. மாப்பிள்ளைய எங்கீங்க கொண்டி உடறது?" என்று வருத்தமாகக் கேட்டார். கிண்டல் இல்லை, மரியாதைக்குக் குறைவில்லாமல் உண்மையாகவே இடம் கேட்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். புள்ளை கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கேட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பூ வந்தால் அனுப்பி வைக்கிறது. சிவப்பு வந்தால் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்கிறது.

பூ கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கிணறு வெட்டலாமா, பெண் எடுக்கலாமா என்று மனுசர்களால் முடிவெடுக்க முடியாததை எல்லாம் சாமி தலையில் வைத்துவிடுவோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரிக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி கைக்கு வருகிறதை எடுத்துப் பிரிப்பார்.

அந்தப் பெண் ஒரு கூடையோடு வெளியே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்திருந்தான். குனிந்த இடத்தில் அவள் கால் இருந்தது. சுருக்கென்று தலையைத் தூக்கி கூரையைப் பார்த்துக்கொண்டான். அவள் படியிறங்கிப் போனாள்.

அந்த இரண்டு வாரத்தில் அவன் பட்ட வைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. அம்மா முதலில் மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போனார். அவர் எதையோ குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைத்து, நரைத்த முடிச்சுருள் ஒன்றைக் காட்டி, மருமகள் தலைமுடி, சோற்றில் வைத்தது என்றார். அடுத்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போடுகிற ஆண்மை வைத்தியர். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் அவர் நோட்டீசுதான். அவர் நாடியைப் பிடித்த மாத்திரத்தில் 'நரம்புத் தளர்ச்சி' என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் அதுதான், பின்னால் வந்தவனுக்கும் அதுதான். அந்த வகையில் எல்லாரையும் சமமாக நடத்தின ஒரே மனுசர் அவர். ஒரு டப்பா லேகியம் கொடுத்தார்.

நடுவில் டர்னர் எஸ்டிடி பூத்திலிருந்து காங்கேயத்து எண்ணெய் மில்லுக்குப் போன் போட்டான். அவளைக் களத்திலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். மில்லே சுற்றி நின்றிருக்கும். "நல்லாருக்கறயா?" என்றான். "ம்" என்றாள். "சாப்புட்டயா?" "ம்." இவன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. வோல்டேஜ் இல்லை, கண்ணு படவில்லை. இந்த மோட்டாரை எரித்தவன் நான்.

மறுநாளே அவனைக் கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பார்த்தவர்களிடம் எல்லாம் கண் டாக்டரிடம் போகிறோம் என்றோம். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த அத்தனை பேரும் கண் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரிதான் முழித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். டர்னர் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னான். நான் ஆதாரத்துக்கு என் செங்கல் புத்தகத்தை மேஜை மேல் வைத்தேன்.

அவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது."

"புத்தகம் நல்லாத்தானுங்க இருக்குது, அட்டை மட்டுந்தான்..."

"இதுல ஆம்பளையை ஆம்பளை விரும்பினாலும் வியாதின்னு போட்டிருக்கும், படிச்சீங்களா? அப்புறம் அதை எடுத்துட்டாங்க."

"மருந்து கண்டுபிடிச்சாங்களா டாக்டர்?"

"இல்லை. டாக்டருங்க கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு எடுத்தாங்க."

முந்தின நாள் வரைக்கும் நோயாளிகளாக இருந்தவர்கள் எல்லாம் மறுநாள் காலையில் எழுந்து, ஒரு மாத்திரைகூட விழுங்காமல், குணமாகியிருக்கிறார்கள். காங்கேயத்தில் பூ போடுகிறார்கள், அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். பூவுக்குத் தேங்காய்ச் செலவு உண்டு என்பதுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இவருடையது?" என்று கேட்டேன்.

"புதுப் புத்தகத்துலயும் பேர் இருக்கு. ஆனா பேர் இருக்கறதெல்லாம் நோய் இல்லை. இதனால இவருக்கு வேதனையா, பொழப்பு கெடுதா, அதைப் பாக்கணும்." அவர் டர்னரைப் பார்த்தார். "அடுத்தவங்க ஒத்துக்காம அவங்க மேல கை வெச்சா, இல்லை விவரம் தெரியாத புள்ளைங்க மேல வெச்சா, அது வேற கதை. அதுக்கு நான் பத்தாது, போலீசும் வேணும். உங்களுக்கு வேதனை எப்ப ஆரம்பிச்சது?"

டர்னர் யோசித்தான். பிறகு என்னைக் காட்டினான். "இவன் கார்டு எழுதிக் குடுத்த அன்னைக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உங்க மிசஸ் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

டர்னர் என்னைப் பார்த்தான். நான் டர்னரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

கிளம்பும்போது அவன், "ஒரு மாத்திரையாச்சும் எழுதிக் குடுங்க டாக்டர், ஊட்டுல கேப்பாங்க" என்று கெஞ்சினான். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காங்கேயம் பஸ்ஸில் மூன்று பேர் போனோம். அம்மா ஒரு சீட்டு, நாங்கள் ஒரு சீட்டு. பல்லடம் வரைக்கும் டர்னர் டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். பிறகு, "செவப்பு வந்துட்டா என்ன மாப்ள பண்றது?" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மைல்கல்லை எண்ண ஆரம்பித்தேன்.

கோயிலில் பெண்ணின் அப்பா, பெண், ஒறம்பரையான சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். தேங்காய் உடைத்தாகிவிட்டது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் சாமி முன்னால் போட்டார். பெண்ணின் அப்பா கைகூப்பி, "புள்ளைய மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பலாம்னா வெள்ளை குடு, தீத்துக்கறதுன்னா செவப்புக் குடு" என்று கேட்டார். டர்னர் கண்ணை மூடிக்கொண்டான். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலில் விரல் வைத்தார்.

"பூசாரீங்க, பிரிக்காதீங்க."

அந்தப் பெண்தான். அதுவரைக்கும் அவள் முழு வாக்கியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா, சாமிகிட்டக் கேக்கறதத் தப்புன்னு சொல்லலீங்க. எங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, அந்தத் தேங்காய்ல சட்டினியாச்சும் அரச்சிருக்கலாமுங்க."

"உங்கிட்ட என்ன அம்மணி கேக்கறது? உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதானே..."

"கஷ்டம்னு நாஞ் சொன்னனுங்களா? மொதல்ல கூச்சமா இருந்துச்சு. நெசந்தான். வேண்டாமுன்னு சொன்னேன், விட்டுப்போட்டாரு. அப்பறம் நானேதான் காலக் குடுத்தேன். இந்தக் காலு வெவரந் தெரிஞ்ச நாளா கொப்பரைக் களத்துல கெடந்து வெடிச்ச காலுங்க. சாணியத் தேச்சுட்டு உள்ள வராதேன்னு சொல்றதுக்குத் தவிர, அத ஆரும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. இவரு பாத்தாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு." நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது. "இதுக்கு மேல நாலு பேரு முன்னால சொல்லமாட்டனுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உங்க கையெழுத்து நல்லா இருக்குதுங்க. இன்னொரு கார்டு இருந்தா எழுதுங்க. அவரு எங் காலத் தொட்டு இன்னிக்கோட மூணு வாரம் ஆச்சு, எனக்குச் சோறு எறங்கல. வந்த பழுது அதுங்க. காரணம் ஆருன்னு நீங்களே போட்டுக்குங்க."

அத்தனை 'ங்க' போட்டு என்னை அதற்கு முன்னும் பின்னும் யாரும் செருப்பால் அடித்ததில்லை. "தங்கச்சி, தப்பு எம்மேலதானுங்க" என்றேன். அவள் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினாள்.

பெண்ணின் அப்பா கூப்பின கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றிருந்தார். "அப்ப உனக்கு ஒரு சங்கடமும் இல்ல?"

"இல்லீங்கப்பா."

"அப்பறம் எதுக்கு நாம இத்தன பேரு வந்தோம்?" என்று பொதுவாகக் கேட்டார். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "பூசாரீங்க, பூவ அப்படியே வெச்சிருங்க. புள்ள சொல்லிப்போட்டா" என்றார்.

"அப்ப அந்த மருந்து எடுத்தாங்களே, முடிச்சுருளு?" என்றார் டர்னரின் அம்மா, விட மனசில்லாமல்.

"அத்தை, அது நரச்ச முடின்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க. எந் தலையப் பாருங்க."

அம்மா பார்த்தார். கொஞ்சநேரம் கணக்குப் போட்டார். "எப்படியோ போங்க. தண்ணிய ஊட்டுக்குள்ள சிந்தாம இருந்தாச் செரி," என்றார். எந்தப் புத்தகத்தைவிடவும் நியாயமான தீர்ப்பு அது என்று எனக்குப் பட்டது. அதை அன்றைக்கே என் டைரியில் எழுதிவைத்தேன்.

பொட்டலத்தில் எந்தப் பூ இருந்தது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பூசாரியைக் கேட்க நினைத்தேன். அதற்குள் வெளியே எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பில் வார் மடங்கிக் கிடந்தது. காலை நுழைக்கப் பார்த்து, நுழையாமல் தடுமாறினாள். டர்னர் மூன்று வாரப் பசியில், சுற்றி மாமனார், அம்மா, ஒறம்பரை எல்லாம் நிற்பதை மறந்து, சட்டென்று குனிந்து கையை நீட்டிவிட்டான்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க," என்றாள் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "ஊட்டுக்குப் போயி."

பெண்ணின் அப்பா வேலியோரம் கட்டியிருந்த யாருடைய காளையையோ பார்க்கப் போனார். அதன் முதுகைத் தடவிச் சுழி தேட ஆரம்பித்தார். எங்கள் பஸ் வரும்வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தார்.